பழைய தோல் வேலை பூட்ஸைப் பதப்படுத்துவதும் தண்ணீர் புகாமல் காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் வறண்டு, விரல் மடியும் இடத்தில் வெளுத்து, ஈரத்தில் கால் வைத்தால் சாக்ஸ் வரை நனைகிற பூட்ஸைத் திரும்ப வேலைக்குப் போடும்படி ஆக்குவது பற்றித்தான் இந்தப் பக்கம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் டப்பாவைத் திறந்து பூசுவதில் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் பூட்ஸை உட்கார்ந்து நன்றாகப் பார்ப்பதிலும் சுத்தம் செய்வதிலும்தான் பாதி வேலை இருக்கிறது. அதைச் சரியாகச் செய்துவிட்டால் பூச வேண்டியது கொஞ்சம்தான்.

என் பூட்ஸ் தேறுமா, தேறாதா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

மேல்தோலைப் பார்ப்பதற்கு முன்னால் பூட்ஸைக் கவிழ்த்து சோலைப் பாருங்கள். பல வேலை பூட்ஸில் ரப்பர் அடிக்கும் மேல்தோலுக்கும் நடுவே பாலியூரித்தேன் நுரையால் ஆன ஓர் அடுக்கு இருக்கும். போடாமல் வருடக்கணக்கில் பெட்டியிலேயே கிடந்தால் காற்றிலுள்ள ஈரமே அந்த நுரையை உள்ளிருந்து சிதைத்துவிடும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே தெரியும். கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள்: பிசுபிசுத்தாலோ, விரல் பட்ட இடம் பொடியாக உதிர்ந்தாலோ, அந்த பூட்ஸ் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் சோலைக் கழற்றி விட்டுவிடும். அப்படியானால் மேல்தோலுக்கு உழைப்பதில் பயனில்லை. சோல் மாற்ற முடியுமா என்று ஷூ ரிப்பேர் செய்பவரிடம் காட்டி, முடியும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

அடுத்து, விரல் மடியும் இடம். பூட்ஸைக் கையால் வளைத்து அந்த மடிப்பை வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய கோடுகள், சுருக்கங்கள் இருந்தால் கவலையில்லை, வறட்சிதான். கோட்டுக்குள் நார் நாராகத் தெரிந்தால் தோல் வெடித்துவிட்டது என்று பொருள். உள்ளே கையை விட்டு அதே இடத்தைத் தடவிப் பாருங்கள். அங்கேயும் பிளவு தட்டுப்பட்டால் அது ஆர்பார் வெடிப்பு, அதாவது வெளியிலிருந்து உள்வரை ஊடுருவிய வெடிப்பு.

தடவிய விரலில் சிவப்பும் பழுப்புமாகப் பொடி ஒட்டினால் அது மிகப் பழைய, தாவரப் பட்டைகளால் பதனிட்ட தோல் அமிலத்தால் அரிபட்டதன் அடையாளம். அந்த பூட்ஸை ஞாபகமாக வைத்துக்கொள்ளலாம், போட்டு நடக்க முடியாது.

முன்பக்கம் விரல்களை மூடிக் காக்கும் இரும்புக் குப்பி வைத்த பாதுகாப்பு பூட்ஸ் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. பாதுகாப்பு பூட்ஸுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 20345-இன்படி அந்தக் குப்பி 200 ஜூல் அடியையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். ஒருமுறை கனமான பொருள் விழுந்து குப்பி நசுங்கியிருந்தால் அதன் வேலை முடிந்தது. தோல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை வேலையிடத்துக்குப் போடாதீர்கள்.

என்ன வகைத் தோல் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

சுத்தமான ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் தோலின் துளைகள் திறந்திருக்கின்றன, எண்ணெய் உள்ளே போகும். முத்தாக உருண்டு நின்றால், ஏற்கெனவே மெழுகு இருக்கிறது, அல்லது மேலே பிளாஸ்டிக் போன்ற பூச்சு இருக்கிறது. பூச்சு உள்ள தோலில் எண்ணெய் எதுவும் பெரிதாக இறங்காது. துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொண்டு தையல்களைக் கவனித்தால் போதும்.

உள்ளிருந்து விரலால் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். அழுத்திய இடம் நிறம் வெளுத்து, விட்டதும் திரும்பினால் அது எண்ணெயும் மெழுகும் நிறைய ஏற்றிய தோல். வேலை பூட்ஸில் இது அதிகம். எண்ணெய் வைத்தியத்துக்கு இதைவிட ஒத்துழைக்கிற தோல் கிடையாது.

லேஸுக்கு அடியில் வரும் நாக்கின் மேல்விளிம்பு போல, வெட்டுப்பட்ட தோலின் குறுக்குமுகம் எங்காவது கண்ணில் படும். அது உற்றுப் பார்க்க வேண்டிய இடம். நடுவில் சாம்பல் நீலம் தெரிந்தால் குரோம் உப்பால் பதனிட்டது. முழுக்கப் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் மரப்பட்டைச் சாறால் பதனிட்டது. இன்றைய வேலை பூட்ஸின் மேல்தோல் பெரும்பாலும் குரோம் வகைதான். சேணத்துக்கும் குதிரை வாருக்கும் கொழுப்பை அள்ளிப் பூசிய காலத்து அறிவுரைகள் பட்டைச்சாறுத் தோலுக்காகச் சொல்லப்பட்டவை. அவற்றை அப்படியே இன்றைய பூட்ஸுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

மேற்பரப்பு மொசுமொசுவென்று இருந்தால் அது சூயிட், நூபக், அல்லது தோலைப் புரட்டித் தைத்தது. அதற்குத் தனியாகக் கீழே பதில் இருக்கிறது.

தோலுக்கு எண்ணெய் எதற்கு? அது உயிரில்லாத பொருள்தானே?

உயிரில்லாததால்தான் நாம் ஊற்ற வேண்டியிருக்கிறது. தோல் என்பது கொலாஜன் என்ற புரதத்தின் நார்கள் பின்னிக் கிடப்பது. பதனிடும் ஆலையிலேயே அந்த நார்களுக்கு இடையில் எண்ணெய் ஏற்றிவிடுவார்கள். பூட்ஸ் மடங்கும்போது நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ள அந்த எண்ணெய்தான் உதவுகிறது. நனைவதும் காய்வதும், வியர்வை, சோப்பு, வெயில் எல்லாம் சேர்ந்து வருடக்கணக்கில் அதை வெளியேற்றிவிடும். எண்ணெய் போனபின் ஈரமும் போனால் நார்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நாரை மடக்கினால் அது முறியும். மடிப்பில் வரும் வெடிப்பு இப்படித்தான் பிறக்கிறது.

முறிந்த பிறகு எண்ணெய் விட்டு ஒட்டவைக்க முடியாது. ஆகவே வெளுத்துக் கடினமாகிற கட்டத்திலேயே கவனிக்க வேண்டும்.

கண்டிஷனர், மெழுகு, பாலிஷ் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. கண்டிஷனர் அல்லது எண்ணெய் உள்ளே போய் நார்களை இளக்கும். மெழுகும் டப்பினும் (கொழுப்பும் மெழுகும் கலந்த களிம்பு) மேற்பரப்பில் தங்கித் தண்ணீரைத் தடுக்கும். பாலிஷ் நிறமும் பளபளப்பும் கொடுக்கும், வேறு பெரிய வேலை செய்யாது. வரிசையும் இதுதான்: சுத்தம், காயவைத்தல், எண்ணெய், ஓய்வு, மெழுகு, வேண்டுமென்றால் பாலிஷ். மெழுகை முதலில் பூசிவிட்டால் எண்ணெய்க்கு வழி அடைந்துபோகும்.

சுத்தம் செய்வதை விவரமாகச் சொல்ல முடியுமா?

லேஸை முழுசாகக் கழற்றுங்கள். பாதி கழற்றிவிட்டு வேலை செய்தால் நாக்கின் ஓரத்தில் தேங்கிக் கிடக்கும் மண் அப்படியே இருந்துவிடும். உள்ளே போடும் அட்டையையும் எடுத்துவிடுங்கள்.

முதலில் உலர்ந்த பிரஷ். குதிரைமுடி பிரஷ் இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகத் தள்ளி, சோலும் மேல்தோலும் சேரும் பள்ளத்துக்கு வந்ததும் பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தில் இருக்கும் மணல் ஒவ்வோர் அடிக்கும் தையல் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். பூட்ஸ் முழுவதிலும் நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான்.

அப்புறம் ஈரத்துணி. அழுக்கு விடவில்லை என்றால் தோல் பொருட்களுக்கென்றே வரும் சேடில் சோப்பை நுரையாக மட்டும் எடுத்துத் தேய்த்து, நுரை காய்வதற்குள் வேறோர் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உடையது. துணி சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். துணி சோப்பு காரத்தன்மை உடையது, பாத்திரத் திரவம் இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் உருவிவிடும். சேடில் சோப்பிலும் காரம் கொஞ்சம் உண்டு, அதனால்தான் தோலில் ஊறவிடக் கூடாது. ஒரு இடம் மட்டும் நனைந்தால் காய்ந்தபின் அங்கே கோடு விழும். நனைப்பதானால் பூட்ஸ் முழுவதையும் ஒரே சீராக நனையுங்கள்.

லேஸ் கோக்கும் பித்தளைக் கண்ணிகளைச் சுற்றிப் பச்சை நிறத்தில் மெழுகு போல ஏதோ திரண்டிருக்கும். முன்பு பூசிய எண்ணெயிலுள்ள கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து உண்டாவது அது. பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்து, பஞ்சால் துடையுங்கள். விட்டுவைத்தால் சுற்றியுள்ள தோலிலும் லேஸிலும் கறை ஏறும்.

சிமென்ட் படிந்துவிட்டது. என்ன செய்வது?

அன்றைக்கே கழுவ வேண்டும். ஈர சிமென்டின் பிஎச் 12-க்கு மேல். அவ்வளவு காரம் தோலில் தங்கினால் நார்களே பாழாகும். தண்ணீரால் கழுவி, வெள்ளை வினிகரைப் பல மடங்கு தண்ணீரில் கலந்து துடைத்து, மறுபடி வெறும் தண்ணீரால் துடையுங்கள். உப்புக் கறைக்கும் இதே வழிதான். கட்டியாக இறுகிவிட்ட சிமென்டை மரக்குச்சியால் நெம்புங்கள், கத்தி வேண்டாம்.

வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே?

சீக்கிரம் காயும், சீக்கிரம் கெடும். ஈரமான தோல் சூட்டுக்கு மிகவும் பலவீனமானது. பதனிடாத தோலின் கொலாஜன் தண்ணீரில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே சுருங்கத் தொடங்கும். பட்டைச்சாறால் பதனிட்டது ஏறக்குறைய 70 முதல் 85 வரை தாங்கும், குரோம் வகை 100 டிகிரி அளவுக்குத் தாங்கும். தாங்குகிற வகையிலும் அவசரச் சூடு எண்ணெயை மேற்பரப்புக்கு இழுத்து, தோலைச் சுருக்கி, சோல் பசையை இளக்கும். அடுப்பங்கரை, ஹீட்டர், ஹேர் டிரையர், காரின் டேஷ்போர்டு எதுவும் வேண்டாம்.

உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். நனைந்ததும் மாற்றுங்கள், முதல் சில மணி நேரம் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். பூட்ஸைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் சோலுக்கும் காற்றுப் படும். மின்விசிறிக் காற்று தாராளமாகப் படலாம். முழுக்க நனைந்தது காய ஓரிரண்டு நாள் ஆகும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

எந்த எண்ணெய் நல்லது?

இதற்கு ஒரே பதில் இல்லை, வேலையைப் பொறுத்தது.

மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் ஆயில் ஆழமாக இறங்கும், கட்டை போல் விறைத்த தோலையும் இளக்கும். நிறம் நன்றாகவே கறுக்கும், அளவு மீறினால் தோல் தொளதொளத்துப் போகும். ரொம்ப விறைத்த பூட்ஸுக்கு மட்டும், ஒரே ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் கலப்பில்லாதது என்று போட்டிருப்பதாக வாங்குங்கள், கலவை வகைகளில் கனிம எண்ணெய் சேர்ந்திருக்கும்.

மிங்க் ஆயிலும் அதே குடும்பம்தான், இளக்கும், கறுக்கும். கம்பளி ஆட்டின் ரோமத்திலிருந்து வரும் லானோலின் கொஞ்சம் தண்ணீரையும் தடுக்கும், தோலிலும் பிடித்து நிற்கும். லானோலினோ வேறு எண்ணெயோ தேன்மெழுகோடு கலந்து வரும் களிம்புதான் வேலை பூட்ஸுக்கு என் முதல் தேர்வு. இளக்கமும் காப்பும் ஒரே பூச்சில் ஓரளவு கிடைக்கும், தோலின் உறுதியும் குறையாது. நிறம் மாறவே கூடாது என்றால் தண்ணீரில் கலந்த லோஷன் வகை கண்டிஷனர் பரவாயில்லை. அது தண்ணீரைத் தடுக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சமையல் எண்ணெய், வாஸ்லின் தடவலாமா?

சமையல் எண்ணெய் வேண்டாம். தடவிய அன்று தோல் அழகாகத்தான் இருக்கும். பல எண்ணெய்கள் நாளாவட்டத்தில் காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை அடிக்கும், பிசுக்காகித் தூசியை இழுக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைவதால் குளிர்ந்த நாளில் மடிப்புகளில் வெள்ளையாகத் திரளும். ஆளிவிதை எண்ணெய் இவை எல்லாவற்றையும்விட மோசம், அது காய்ந்து கெட்டிப்படும் ஜாதி, பெயின்டில் சேர்ப்பதே அதற்காகத்தான். தோலுக்குள் கெட்டிப்பட்டால் தோலும் கெட்டிப்படும். அந்த எண்ணெயில் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு.

வாஸ்லின் கெட்டுப்போகாது. அவசரத்துக்கு ஒருநாள் தண்ணீரைத் தடுக்கும். ஆனால் ரப்பரை ஊதவைக்கும், பசையை இளக்கும், ஆகவே சோல் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வழக்கமாக்கிக்கொள்ளும் பொருள் இல்லை.

எவ்வளவு பூச வேண்டும்? எப்படி?

இதில்தான் கை கட்டுப்பாடு தேவை. பழைய பனியன் துணியை விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சற்று இளக்கி, முதலில் நாக்கின் உள்பக்கம் போலக் கண்ணில் படாத இடத்தில் தடவிப் பாருங்கள். ஒரு நாள் கழித்து எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

தோல் தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும், அதே சமயம் எலும்பாகக் காய்ந்திருக்கவும் கூடாது. எலும்பாகக் காய்ந்த தோல் பட்ட இடத்திலேயே எண்ணெயைக் குடித்துத் திட்டுத் திட்டாகும். அப்படியிருந்தால் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை முழுக்கத் துடைத்துச் சிறிது நேரம் விடுங்கள்.

வட்டமாகத் தேய்த்து மெல்லிய படலமாகப் பரப்புங்கள். மடிப்புக்கும் நாக்கின் இருபக்க மடிப்புத் தோலுக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். குதிகாலைப் பிடித்து நிற்கும் பின்பகுதிக்குக் குறையுங்கள், அது விறைப்பாக இருந்தால்தான் கால் ஆடாமல் நிற்கும். பூசி முடித்ததும் பூட்ஸ் மினுமினுவென்று ஈரமாகத் தெரிந்தால் அதிகமாகிவிட்டது, உடனே உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள்.

ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் மடிப்பைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் வறட்சி தெரிந்தால் அங்கே மட்டும் இன்னொரு மெல்லிய பூச்சு. வெகுநாள் காய்ந்த பூட்ஸுக்கு இப்படி இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். ஒரே நாளில் மூன்று முறை பூசுவது வேறு, மூன்று நாளில் மூன்று முறை பூசுவது வேறு. எண்ணெய் நார்களுக்குள் பரவ நேரம் எடுக்கும், மேலே தெரிவதை வைத்து உள்ளே எவ்வளவு போயிற்று என்று முதல் நாளில் சொல்ல முடியாது.

அளவு மீறிவிட்டது. பூட்ஸ் தொளதொளவென்று ஆகிவிட்டதே?

உள்ளே போனதை முழுசாக வெளியே எடுக்க முடியாது. மேலே நிற்பதை மட்டும் குறைக்கலாம். வெதுவெதுப்பான அறையில் வைத்து, கசிந்து வருவதை உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். சோளமாவு போன்ற உறிஞ்சும் பொடியைத் தூவி ஓர் இரவு விட்டுத் தட்டிவிடலாம். அதன்பின் பல மாதத்துக்கு எண்ணெய்ப் பக்கமே போகாதீர்கள். மரத்தாலான ஷூ அச்சை உள்ளே வைத்தால் வடிவமாவது நிற்கும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

நாள்காட்டியைப் பார்த்துச் செய்யாதீர்கள். மடிப்பு வெளுக்கத் தொடங்கும், தண்ணீர் முத்தாக நிற்காமல் பரவும், தொட்டால் காகிதம் போல் இருக்கும். அப்போது செய்தால் போதும். தினமும் சேற்றிலும் சிமென்டிலும் நிற்பவருக்கு மாதம் ஒருமுறைகூடத் தேவைப்படலாம், உலர்ந்த இடத்தில் வேலை என்றால் வருடத்துக்கு ஓரிருமுறை. தினமும் செய்ய வேண்டியது பிரஷால் ஒரு நிமிடம் தட்டுவது மட்டும்தான்.

தண்ணீரைத் தடுக்க மெழுகா, ஸ்பிரேயா?

வழவழப்பான தோலுக்கு மெழுகு. தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில், ஆகவே வெயிலில் நடந்தாலும் வழிந்தோடாது. பூசும்போது இளகினால்தான் தையல் துளைகளுக்குள் இறங்கும். கையில் தேய்த்து இளக்கலாம். அல்லது நன்றாகக் காய்ந்த பூட்ஸை ஹேர் டிரையரின் குறைந்த சூட்டில், தொட்டால் வெதுவெதுப்பு தெரியும் அளவுக்கு மட்டும் காட்டலாம். காயவைக்க வேண்டாம் என்று சொன்ன அதே கருவிதான், ஆனால் இங்கே தோலில் ஈரம் இல்லை, சூடும் கொஞ்சம்தான். ஓவனுக்குள் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. சோல் பசை இளகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பூசும் வரிசையில் முதலிடம் தையலுக்குக் கொடுங்கள். சோலைச் சுற்றி ஓடும் தையல், முன்பகுதியும் பக்கப்பகுதியும் சேரும் இரட்டைத் தையல், நாக்கு ஒட்டும் இடம் எல்லாவற்றிலும் பல்துலக்கும் பிரஷால் மெழுகை அழுத்தித் தேயுங்கள். மிச்சமிருப்பது மற்ற இடத்துக்குப் போதும். அரை மணி நேரம் கழித்துத் துணியால் மிகுதியைத் துடைத்து, பிரஷால் ஓட்டிவிடுங்கள்.

ஸ்பிரே மொசுமொசுத் தோலுக்கும், உள்ளே தண்ணீர் புகாத சவ்வு வைத்த பூட்ஸுக்கும் பொருந்தும். சிலிகான் வகை மலிவு, ஆனால் அதன்மேல் பின்னர் எண்ணெய் இறங்குவது கஷ்டம். ஃபுளோரின் சேர்மங்கள் கலந்தவை தண்ணீரோடு எண்ணெய்க் கறையையும் விரட்டும், ஆனால் சுற்றுச்சூழலில் சிதையாமல் தங்கிவிடும் என்பதால் பல தயாரிப்பாளர்கள் அவற்றைக் கைவிட்டு வருகிறார்கள். எந்த ஸ்பிரேயாக இருந்தாலும் திறந்தவெளியில் அடியுங்கள். அந்த மென்துளிகளை மூடிய அறையில் சுவாசித்து நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

எவ்வளவு மெழுகு பூசியும் உள்ளே ஈரமாகிறது. ஏன்?

முதலில், அது வெளித் தண்ணீர்தானா என்று பாருங்கள். நாள் முழுக்க மூடிய பூட்ஸில் கால் வியர்த்துச் சாக்ஸ் நனைவது சாதாரணம். மழையே இல்லாத நாளிலும் அப்படி இருந்தால் அது வியர்வை. மேலே மெழுகை இன்னும் ஏற்றினால் அந்த ஈரம் வெளியேற வழி குறைந்து நிலைமை மோசமாகும்.

உண்மையான ஒழுக்கு என்றால் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பூட்ஸுக்குள் காகிதக் கைக்குட்டையை எல்லா மூலையிலும் பரப்பி வையுங்கள். வாளியில் சோலுக்குச் சற்று மேலே வரும்வரை தண்ணீர் நிரப்பி, பூட்ஸை நிறுத்தி, மேலிருந்து கையால் அழுத்திக் கொஞ்ச நேரம் விடுங்கள். எந்த இடத்துக் காகிதம் முதலில் நனைகிறது என்று பாருங்கள். முன்விளிம்பு நனைந்தால் சோல் தையல் அல்லது அங்கே விட்டுப்போன ஒட்டு. பக்கவாட்டில் நனைந்தால் மேல்தோல் தையல். நடுவில் நனைந்தால் சோலிலேயே வெடிப்பு. பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். ஒரு குறிப்பிட்ட உயரம் வந்ததும் திடீரென்று உள்ளே கொட்டினால், நாக்கைப் பக்கத்தோலோடு இணைக்கும் மடிப்பு அந்த உயரத்தில் முடிகிறது. அதற்குமேல் எந்த மெழுகாலும் காப்பாற்ற முடியாது, அது பூட்ஸின் அமைப்பு.

தையலில் சிறு கசிவு என்றால் மெழுகே அடைக்கும். சோல் விளிம்பு வாய் பிளந்திருந்தால் சுத்தம் செய்து, காயவைத்து, பாலியூரித்தேன் ஷூ பசை போட்டு இறுக்கிக் கட்டிவைக்கலாம். எண்ணெய் பூசுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. நூல் அறுந்திருந்தால் ஷூ ரிப்பேர் செய்பவரிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்று: தைத்துச் செய்த தோல் பூட்ஸ் மழையையும் ஈரப் புல்லையும் தாங்கும்படி ஆக்கலாம். தேங்கிய தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்கும் வேலை என்றால் ரப்பர் பூட்ஸ் போடுங்கள்.

என் பாதுகாப்பு பூட்ஸில் எஸ்3 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் தண்ணீர் புகாதுதானே?

ஐஎஸ்ஓ 20345-இல் எஸ்2, எஸ்3 என்பவை மேல்தோல் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது என்பதைத்தான் சொல்கின்றன. தையலும் சோல் ஒட்டும் சேர்ந்த முழு பூட்ஸுக்கான சோதனை அதில் இல்லை. 2022-இல் திருத்திய பதிப்பில்தான் முழு பூட்ஸின் தண்ணீர்த் தடுப்பையும் சேர்த்து எஸ்6, எஸ்7 என்ற வகுப்புகளைக் கொண்டுவந்தார்கள்.

உள்ளே தண்ணீர் புகாத சவ்வு வைத்த பூட்ஸுக்கும் இதே முறையா?

இல்லை. கோர்டெக்ஸ் போன்ற சவ்வு, வெளித் தண்ணீரைத் தடுத்துக்கொண்டே உள்ளிருக்கும் வியர்வை ஆவியை வெளியே விடும். மேலே கொழுப்பையும் மெழுகையும் அப்பினால் ஆவி போகும் வழி அடைபடும். தண்ணீரில் கலந்த கண்டிஷனரை லேசாகத் தடவி, பொருத்தமான ஸ்பிரே அடித்தால் போதும். சவ்வே கிழிந்திருந்தால் வெளியிலிருந்து செய்யக்கூடியது அதிகமில்லை.

சூயிட், நூபக் பூட்ஸுக்கு எண்ணெய் பூசலாமா?

பூசினால் அந்த மொசுமொசுப்பு படிந்துபோகும், திரும்ப வராது. தோற்றம் வேண்டும் என்றால் பிரஷும் ஸ்பிரேயும் மட்டும். கறைக்கு ரப்பர் அழிப்பான் வேலை செய்யும். தோற்றம் போனால் போகட்டும், உழைப்புதான் முக்கியம் என்றால் புரட்டித் தைத்த கனத்த தோலில் மெழுகு ஏற்றலாம், அது நன்றாகவே தாங்கும்.

எடுத்துப் பார்த்தால் பூட்ஸ் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கொஞ்சம் சூடு காட்டுங்கள். மறைந்துவிட்டால் அது தோலுக்குள்ளிருந்து மேலே வந்த கொழுப்பு, துடைத்துவிட்டால் போதும். ஈரத்துணிக்குக் கரைந்து, காய்ந்தபின் திரும்ப வந்தால் அது உப்பு. வினிகர் கலந்த தண்ணீர் போதும். பஞ்சு போல் நின்று, புள்ளிபுள்ளியாகப் பரவி, மக்கல் வாடை அடித்தால் பூஞ்சை.

பூஞ்சையானால் வெளியே எடுத்துப்போய்த் துடையுங்கள், வீட்டுக்குள் தட்டினால் வித்துகள் பரவும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து, உள்ளும் புறமும் துடைத்து, காற்றில் காயவிடுங்கள். சாயம் போகிறதா என்று ஒரு மூலையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உள் அட்டையைக் காப்பாற்ற முயல வேண்டாம், புதிது போடுங்கள். ஆல்கஹால் தோலை வறட்டிவிடும் என்பதால் பிறகு லேசாகக் கண்டிஷனர் கொடுக்க வேண்டும்.

வெடிப்பு விழுந்துவிட்டது. ஏதாவது செய்ய முடியுமா?

மேலோட்டமான வெடிப்பை நெகிழும் தோல் நிரப்பியால் நிரப்பி, நிறம் கொடுத்து மறைக்கலாம். ஆனால் விரல் மடியும் இடத்தில் அது அதிக நாள் நிற்காது. அங்கே உருப்படியானது உள்ளிருந்து தோல் ஒட்டுப் போட்டுத் தைப்பதுதான். ஆர்பார் வெடித்த பூட்ஸை உலர்ந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங், மின்சார வேலைக்குப் போடும் பூட்ஸுக்கும் இவற்றைப் பூசலாமா?

வெல்டிங் பொறி, உருகிய உலோகம், நெருப்பு உள்ள இடத்துக்குப் போடும் பூட்ஸில் எண்ணெயும் மெழுகும் ஏற்றாதீர்கள், இரண்டும் எரியும். நிலைமின்சாரத்தைக் கடத்தவோ மின்அதிர்ச்சியைத் தடுக்கவோ சான்று பெற்ற பூட்ஸுக்குத் தயாரிப்பாளர் எதை அனுமதித்திருக்கிறாரோ அதை மட்டும் பயன்படுத்துங்கள். சோலின் அடியில் எண்ணெயோ மெழுகோ பட்டிருந்தால், எந்த பூட்ஸாக இருந்தாலும், போடுவதற்கு முன் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். ஏணியில் வழுக்கும்.

கறுத்துவிட்ட நிறம் பழையபடி வருமா?

லோஷன் வகையில் வந்த கறுப்பு சில நாளில் ஓரளவு வெளுக்கும். நீட்ஸ்ஃபுட், மிங்க் வகையில் வந்தது பெரும்பாலும் நிலைத்துவிடும். இன்னொரு பூட்ஸுக்கும் அதே அளவு பூசி ஜோடி சேர்த்துவிடுவதுதான் வழி.

கொஞ்ச காலம் போடப்போவதில்லை. எப்படி எடுத்து வைப்பது?

சுத்தம் செய்து, இரண்டு நாள் காற்றாட விட்டு, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, அது இறங்கியதும் எடுத்து வையுங்கள். உள்ளே மர அச்சோ கசக்கிய காகிதமோ இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், துணிப்பை போதும். சுவரோடு ஒட்டாமல், தரையில் வைக்காமல், காற்றுப் போகிற அலமாரியில் வையுங்கள். காற்றில் ஈரம் அதிகமான இடம் என்றால் சிலிகா ஜெல் பை ஒன்றைப் பக்கத்தில் போட்டு, மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் தட்டுங்கள். பாலியூரித்தேன் சோல் உள்ள பூட்ஸை மட்டும் அவ்வப்போது போட்டுக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.